தடை விழுந்தால் யாரிடம் போவது?

2018 ஒக்டோபர் 19ஆம் திகதி ஷங்காயில் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் கேமின் ஆட்டமொன்று இடையில் நின்றது. எக்ஸ்ட்ரீம்ஸ்லாண்ட் ஆசியப் போட்டியில் ஒரு பக்கம் வியட்நாமின் ரெவலூஷன் அணி, மறுபக்கம் ஒப்டிக் இந்தியா. பின்னது, அமெரிக்காவின் பெரிய அணியொன்று இந்தியாவில் கால்வைத்து உருவாக்கிய ஐவர் குழு. 'ஃபோர்சேக்கன்' என்ற பெயரில் ஆடிய நிகில் குமாவத்தின் கணினியை நடுவர் பார்க்க வந்தபோது, அவர் அவசரமாக ஒரு கோப்பை அழிக்கப் பார்த்தார். அது குறிபார்க்க உதவும் ஏமாற்று மென்பொருள். கடிதம் தட்டும் மென்பொருள் போலத் தெரியட்டும் என்று அதற்கு 'வேர்ட் டொட் எக்ஸி' என்று பெயர் வைத்திருந்தார். அணி அவரை வெளியேற்றியது, பிறகு அணியே கலைந்தது. ஈசிக் எனப்படும் ஈஸ்போர்ட்ஸ் நேர்மை அமைப்பு அவருக்கு ஐந்து வருடத் தடை விதித்தது.

தெற்காசியாவில் கேம் ஆடுகிற எவருக்கும் இந்தக் கதை தெரியும். பெரும்பாலும் பகிடியாகத் தெரியும். ஆனால் பகிடியைத் தள்ளிவைத்துப் பார்த்தால் அங்கே நடந்தது ஏறக்குறைய ஒழுங்கான விசாரணை. சந்தேகித்தவர் ஒரு மனிதர். சான்று கண்முன்னால் இருந்தது. தண்டனையை விதித்தது கேமை விற்கும் நிறுவனம் அல்ல, வெளியே உள்ள ஒரு அமைப்பு. காரணம் பகிரங்கமாகச் சொல்லப்பட்டது, தண்டனைக்கு முடிவுத் திகதி இருந்தது. குமாவத் ஏற்கெனவே 2017இல் ஒருமுறை தடைசெய்யப்பட்டுத் திரும்பி வந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்து வருடம் கடுமை என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது அரங்கிலிருந்து வெளியே வருவோம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், வலையிறவுப் பாலத்துக்கு அப்பால், மண்முனை மேற்குப் பிரதேசத்தில் இருக்கிறது வவுணதீவு. 2007 வரை யுத்தத்தின் எல்லைக்கோடு போன படுவான்கரை. வயலும் மாடும் வாவி மீனும்தான் ஊரின் வாழ்வு. அங்கே பாவித்த கொம்பியூட்டர் ஒன்றில் வலோரண்ட் அல்லது கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடும் பொடியனின் முதுகுக்குப் பின்னால் எந்த நடுவரும் வந்து நிற்கப்போவதில்லை. அவனுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் இருப்பது ஒரு மென்பொருள் மட்டும். அவன் ஏமாற்றினானா இல்லையா என்று அதுவே பார்க்கிறது, அதுவே தீர்ப்பளிக்கிறது. இந்தத் துறையின் ஏமாற்றுத் தடுப்பை மதிப்பிட வேண்டுமானால் ஷங்காய் மேடையிலிருந்து அல்ல, இந்தக் கடைசி நாற்காலியிலிருந்துதான் மதிப்பிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. எத்தனை பேரைப் பிடித்தோம் என்ற கணக்கை நிறுவனங்களே வெளியிடுகின்றன. பிடிபடக் கூடாதவன் பிடிபட்டால் என்ன நடக்கிறது, இந்தக் காவலின் செலவை யார் சுமக்கிறார்கள் என்ற இரண்டையும் நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில், பிரச்சினை ஏன் இவ்வளவு பிடிவாதமானது என்று பார்க்கலாம். சுடும் கேமில் எதிராளி சுவருக்குப் பின்னால் நிற்கும்போதே அவன் எங்கே நிற்கிறான் என்ற தகவல் உங்கள் கணினிக்கு வந்துவிடுகிறது. வெளிப்படும் கணத்தில் தாமதமின்றிக் காட்ட வேண்டும் அல்லவா? அந்தத் தகவலை நினைவகத்திலிருந்து உருவி எடுத்தால் அதுதான் வோல்ஹேக். அதை வைத்துத் துப்பாக்கிமுனையைத் தானாகத் திருப்பினால் எய்ம்பொட். அதாவது ஏமாற்றுவதற்கான மூலப்பொருளை நிறுவனமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தொடாதே என்கிறது. வலோரண்டைச் செய்த ரயட் நிறுவனம் எதிராளியின் இருப்பிடத்தைத் தேவைப்படும் கணம் வரை சேர்வரிலேயே மறைத்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. இந்தத் துறையில் நான் முழுமனதாகப் பாராட்டும் சில காரியங்களில் அது ஒன்று. ஆடுபவரின் கணினியை நோண்டாமல், ஆடுபவரை நம்பவும் தேவையில்லாமல் ஏமாற்றைக் குறைக்கிறது.

ஆனால் அது போதவில்லை. அங்கேதான் இரண்டு பாதைகள் பிரிகின்றன.

கவுண்டர் ஸ்ட்ரைக்கைச் செய்த வால்வ் நிறுவனத்தின் பாதை பழையது. அதன் 'வாக்' என்ற தடுப்பு மென்பொருள் 2002 முதல் இருக்கிறது. மற்ற மென்பொருள்களைப் போலவே சாதாரண அனுமதியோடு ஓடுகிறது, விண்டோஸின் அடித்தளமான கேர்னலுக்குள் இறங்குவதில்லை. கண்டுபிடித்ததை உடனே காட்டாமல் காத்திருந்து அலை அலையாகத் தடை விதிக்கிறது. ஏமாற்று விற்பவர் எதில் அகப்பட்டோம் என்று அறியக்கூடாது என்பது காரணம். ஆட்டப் பதிவுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் 'வாக்நெட்' பின்னர் சேர்ந்தது. கண்ணியமான வடிவமைப்புத்தான். பலன்? கவுண்டர் ஸ்ட்ரைக்கைத் தீவிரமாக ஆடுகிறவர்கள் வால்வின் சேர்வரை விட்டு ஃபேஸிட் என்ற வெளி மேடைக்குப் போகிறார்கள். அந்த ஃபேஸிட்டின் தடுப்பு மென்பொருள் கேர்னலுக்குள்தான் ஓடுகிறது. வால்வ் கேட்காத அனுமதியை வால்வின் ஆட்டக்காரர்களே வேறொருவருக்குத் தாமாகவே கொடுக்கிறார்கள் என்றால், பிடிக்கும் திறனில் வாக் தோற்றுவிட்டது. இதைச் சுற்றிவளைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். கேர்னல் வேண்டாம் என்று சொல்லும் நண்பர்கள் பலர் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகிறார்கள்.

ரயட்டின் பாதை வான்கார்டு. 2020 ஏப்ரலில் வலோரண்டின் சோதனைப் பதிப்போடு வந்தது. கணினி எழும்பும்போதே எழும்புகிறது. நீங்கள் கேமைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் கேர்னலில் இருக்கிறது. தனக்கு முன்னால் வேறு எதுவும் ஏறி ஒளியக் கூடாது என்பது அதன் வாதம், தொழில்நுட்ப ரீதியில் சரியான வாதம். எதிர்ப்பு எழுந்ததும், அதில் ஓட்டை கண்டுபிடிப்பவருக்கு 100,000 டொலர் வரை தருவதாக ரயட் அறிவித்தது. ஆரம்ப வாரங்களில் கணினியின் வெப்பத்தைக் காட்டும் மென்பொருள் போன்றவற்றையும் அது முடக்கியது, பிறகு தளர்த்தியது.

இப்படி அடித்தளத்தில் ஒருவரைக் குடிவைப்பதன் அபாயம் வெறும் கற்பனையா? இல்லை. 2013இல் இஸியா என்ற கவுண்டர் ஸ்ட்ரைக் மேடையின் தடுப்பு மென்பொருளுக்குள் ஊழியர் ஒருவரே பிட்கொயின் தோண்டும் நிரலை நுழைத்தார். சுமார் 14,000 கணினிகள் உரிமையாளருக்குத் தெரியாமல் உழைத்தன, நியூ ஜேர்சி மாநிலம் வழக்குத் தொடுத்துச் சமரசத்துக்குக் கொண்டுவந்தது. 2022இல் ட்ரெண்ட் மைக்ரோ ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: கென்ஷின் இம்பாக்ட் கேமின் தடுப்பு ட்ரைவரைக் கப்பம் கேட்கும் கும்பலொன்று தன்னோடு சுமந்துபோய், அந்தக் கேமே இல்லாத கணினிகளில் வைரஸ் காவலை அணைக்கப் பயன்படுத்தியது. 2024 ஜூலை 19இல் க்ரௌட்ஸ்ட்ரைக்கின் ஒரு தவறான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. அது கேம் அல்ல, ஆனாலும் அதே கேர்னல் தளம். எனினும் இவற்றில் எதையும் வான்கார்டு செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வங்கிக் கணக்கும் படிப்பும் அதே கணினியில் இருக்கும் வீட்டில் இந்த அபாயம் கனமானது. கேமுக்கு மட்டும் ஒரு கணினி வைத்திருப்பவனுக்கு லேசானது. ஒரே கணினியில் அக்கா பாடசாலை வேலை செய்ய, தம்பி சுடுகிற வீடு எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

இனி, அகப்படக் கூடாதவன் அகப்பட்ட கதைகள். இவைதான் என் தீர்ப்பைத் தீர்மானித்தவை.

2010 ஜூலையில் மொடர்ன் வோர்ஃபெயார் 2 ஆடிய சுமார் 12,000 பேரை வாக் தவறுதலாகத் தடைசெய்தது. வால்வ் மன்னிப்புக் கேட்டது, தடையை நீக்கியது, லெஃப்ட் ஃபோர் டெட் 2 கேமை இலவசமாகக் கொடுத்தது. 2023 ஒக்டோபரில் நடந்தது இன்னும் விநோதம். ஏஎம்டி நிறுவனம் தன் கிராஃபிக்ஸ் ட்ரைவர் அப்டேட்டில் 'அன்டிலாக் பிளஸ்' என்ற வசதியைக் கவுண்டர் ஸ்ட்ரைக் 2க்குத் தந்தது. அது கேமின் உட்கோப்புக்குள் கைவைத்து வேலை செய்தது, ஏமாற்று மென்பொருள் செய்கிற அதே முறையில். பொத்தானை அழுத்தியவர்களுக்கு வாக் தடை விழுந்தது. வால்வ் எச்சரிக்கை விட்டது, ஏஎம்டி ட்ரைவரைத் திரும்பப் பெற்றது, பாதிக்கப்பட்டவர்களின் தடைகளை வால்வ் கண்டெடுத்து நீக்கியது. 2024 ஒக்டோபரில் கோல் ஒஃப் டியூட்டியின் 'ரிக்கொஷே' தடுப்பில் ஓர் ஓட்டை இருந்ததை அந்தக் கேமின் நிறுவனமான அக்டிவிஷன் ஒப்புக்கொண்டது. ஒரு ஹேக்கர் சொன்னபடி, குறிப்பிட்ட சில எழுத்துகளைக் கொண்ட செய்தியை ஒருவருக்கு அனுப்பினாலே போதும். தடுப்பு மென்பொருள் அவரது நினைவகத்தில் அந்த எழுத்துகளைக் கண்டு ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்டிவிடும். பாதிக்கப்பட்டவர்கள் சிலர்தான் என்றது நிறுவனம், ஆயிரக்கணக்கில் என்றார் ஹேக்கர்.

மூன்றிலும் நீதி கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று பாருங்கள். முதலாவதில் ஆயிரக்கணக்கான பேர் ஒரேநேரத்தில் கத்தினார்கள். இரண்டாவதில் எதிரே நின்றது ஏஎம்டி என்ற பூதம். மூன்றாவதில் ஓட்டையின் விவரமே பகிரங்கமாக வெளியே வந்தது. தனியொருவன், தன் கணினியில் மட்டும் வந்த ஏதோ ஒரு முரண்பாட்டால் தடைபட்டவன், முறையிட்டு வென்றதாக இம்மூன்றில் ஒன்றுகூட இல்லை. வால்வின் விதியே வெளிப்படையானது: வாக் தடை நிரந்தரமானது, பேரத்துக்கு இடமில்லை, வால்வின் கேம் விற்பனை மேடையான ஸ்டீமின் உதவிப் பிரிவினரால் அதை நீக்க முடியாது. தவறென்றால் அமைப்பே தானாக நீக்கும். தன் தவறைத் தானே உணரும் நீதிபதி என்பது அழகான கற்பனை. ஏமாற்று விற்பவருக்குத் துப்புக் கிடைத்துவிடும் என்பதால் சான்றைக் காட்டுவதில்லை என்கிறார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. நினைவகத்தில் எதைத் தேடினோம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் எந்தத் திகதி, எந்த ஆட்டம், எந்த வகைக் குற்றம் என்று சொன்னால் எந்த இரகசியமும் கசியாது.

வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் குஞ்சும் அகப்படும் என்பது வாவியில் தொழில் செய்கிறவருக்குத் தெரியும். வலையைக் கரையில் உதறும்போது ஒருவர் நின்று பார்த்துத்தான் குஞ்சைத் திரும்ப விடுகிறார். இங்கே அந்த ஆள் இல்லை. எழுதினால் முதலில் வருவது தானியங்கிப் பதில். அந்த எழுத்தும் ஆங்கிலத்தில் இருந்தால்தான் நல்லது. ஸ்டீமின் மொழிப் பட்டியலில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

முடியாத காரியம் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். முடியும் என்பதற்கு அவர்கள் துறையே சான்று. 2020இல் கவுண்டர் ஸ்ட்ரைக் பயிற்சியாளர்கள் சிலர், கேமில் இருந்த ஒரு பழுதைப் பயன்படுத்தி, ஆட்ட வரைபடத்தில் தாங்கள் பார்க்கக் கூடாத இடங்களைப் பார்த்தார்கள். ஈசிக் பழைய ஆட்டப் பதிவுகளைத் தோண்டி 37 பேருக்குத் தண்டனை கொடுத்தது. தண்டனையின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபட்டது, குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குக் குறைந்தது, மேன்முறையீட்டில் சில திருத்தப்பட்டன. சம்பளம் வாங்கும் பயிற்சியாளருக்குப் பதிவு, அளவு, மேன்முறையீடு எல்லாம் உண்டு. வீட்டிலிருந்து ஆடுகிறவனுக்கு ஒரு வரிப் பதில்.

அடுத்து செலவு. கேமை ஓட்டும் பாரமும் ஏமாற்றைத் தடுக்கும் பாரமும் சத்தமில்லாமல் அப்டேட்டின் வழியாக ஆடுபவரின் தோளுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. 2023 செப்டெம்பர் 27இல் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 பழைய கேமின் இடத்தைப் பிடித்தபோது 32 பிட் விண்டோஸும் பழைய கிராஃபிக்ஸ் அட்டைகளும் மக் கணினிகளும் வெளியே நின்றன. முந்திய நாள்வரை ஆடியவன் மறுநாள் ஆட முடியவில்லை. கேட்கும் இடம் 85 ஜிபி. பகலுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று டேட்டாவை அளந்து பாவிக்கும் வீட்டில் அது ஒரு கேமின் அளவு அல்ல, மாதச் செலவுத் திட்டம். விண்டோஸ் 11இல் வலோரண்ட் ஆட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், கணினி எழும்பும்போதே காவல் பார்க்கும் செக்யூர் பூட்டும் வேண்டும். 2025இல் வந்த பெட்டில்ஃபீல்ட் 6உம் செக்யூர் பூட் இல்லாமல் திறக்காது. கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்டு மட்டக்களப்புக் கடைகளுக்கு வந்துசேரும் பழைய மேசைக் கணினிகளில் பல இந்த வாசலைத் தாண்டுவதில்லை.

தாண்டக்கூடிய மதர்போட்டிலும் பயோஸ் அமைப்புக்குள் போய் மாற்ற வேண்டும், சிலவேளை பயோஸையே அப்டேட் செய்ய வேண்டும். அந்த அப்டேட்டின் நடுவில் கரண்ட் போனால் மதர்போட் உயிரோடு மீளாமல் போகலாம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின் வெட்டிய நாடு இது. அந்த மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியதால் புதிய மதர்போட் என்பது பலருக்கு முடிந்த கதையானது. யூபிஎஸ் இல்லாத வீட்டில் பயோஸ் அப்டேட் ஒரு சூது. கலிஃபோர்னியாவில் இருந்து இந்த விதியை எழுதுகிறவருக்கு அந்தச் சூது மனதில் வந்திருக்க வாய்ப்பில்லை.

சாதனத் தடை இன்னொரு வில்லங்கம். கணக்கைத் தடுத்தால் புதுக் கணக்கு திறக்கிறான் என்பதால் ரயட் கணினியையே அடையாளம் வைத்துத் தடுக்கிறது. புதுக் கணினி வாங்கும் சந்தையில் இது நியாயமான கருவி. பாவித்த மதர்போட் கைமாறும் சந்தையில், கொழும்பில் யாரோ செய்த குற்றம் பாலம் தாண்டி வவுணதீவில் வந்து இறங்கலாம். வாங்கியவன் ஏமாற்று மென்பொருளைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டான்.

எதிர்த்தரப்புக்கு உரியதையும் கொடுப்போம். கேம் இலவசமானபின் புதுக் கணக்கு திறக்கக் காசில்லை, ஆகவே தண்டனைக்கு வலிமையில்லை. ஏமாற்று மென்பொருள் டொலரில் மாத வாடகைக்கு விற்கும் தொழிலாகிவிட்டது. அதை வாங்குகிறவன் ஏழை அல்ல, அவனிடம் தோற்பவன்தான் ஏழையாக இருக்கக் கூடும். பெட்டில்ஃபீல்ட் 6இன் பொதுச் சோதனையின் முதல் நாட்களில் மட்டும் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஏமாற்று முயற்சிகளைத் தடுத்ததாக அதை வெளியிடும் ஈஏ நிறுவனம் சொன்னது. அப்படியிருந்தும் முதல் நாளே ஏமாற்றுக்காரர்கள் உள்ளே இருந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், சுவர் தேவை என்பதும் சுவர் ஒருபோதும் முழுமையாகாது என்பதும் தெரியும். தன் ஒரு மணிநேர இரவு டேட்டாவை எய்ம்பொட்டுக்காரனிடம் இழப்பதும் அநியாயம்தான்.

ஆகவே, பிடிக்கும் திறனில் வான்கார்டு வாக்கை வென்றுவிட்டது. கேர்னல் என்ற சொல்லைக் கேட்டே நிராகரிப்பது சோம்பல். ஆனால் கணினி எழும்பும்போதே ஏறிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதற்கு ரயட் சொல்லும் காரணம் சம்பளத்துக்கு ஆடுகிறவரின் மேடைக்குப் பொருந்தும், வீட்டுப் பகிர்வுக் கணினிக்குப் பொருந்தாது. ஈஸி அன்டிசீட், பெட்டில்ஐ என்ற வேறு தடுப்பு மென்பொருள்களும் கேர்னலுக்குள் போகின்றன, ஆனால் கேம் ஓடும்போது மட்டும். அவற்றில் ஒழுக்கு கூடுதல். தரவரிசை இல்லாத சாதாரண ஆட்டங்களுக்கு அந்த ஒழுக்கைச் சகித்துக்கொண்டு, தரவரிசை ஆட்டங்களுக்கு மட்டும் கடுங்காவல் கேட்கலாம். செக்யூர் பூட் இல்லாத பழைய கணினிக்காரனைத் தரவரிசை இல்லாத ஆட்டத்தில் விட்டுவைப்பதால் எந்தக் கிண்ணமும் கெட்டுப்போகாது. விசாரணையைப் பொறுத்தவரை இரண்டு நிறுவனமும் தோல்வி, வால்வ் இன்னும் மோசமான தோல்வி. ரயட் முறையிடவாவது ஒரு கதவு வைத்திருக்கிறது, வால்வ் கதவே தேவையில்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறது.

இதை நிறுவனங்களின் பெருந்தன்மைக்கு விட்டுவிட வேண்டியதில்லை. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டில் உள்ளவர்களுக்குச் சேவை வழங்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் தொடுகிறது. இயந்திரம் மட்டுமே எடுத்த தீர்மானம் ஒருவரது உரிமைகளில் மீளமுடியாததும் தொடர்வதுமான பாதிப்பை ஏற்படுத்தினால் அதை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் உரிமையையும் அது தருகிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. அவை உயிர்பெறும் நாளில், ஒரு கேம் கணக்கை இழப்பது அந்த அளவுக்குப் பெரிய பாதிப்பா என்று நிறுவனத்தின் சட்டத்தரணி நிச்சயம் கேட்பார். நிரந்தரத் தடை என்று தாங்களே பெயர் வைத்துவிட்டு, மீளமுடியாத பாதிப்பு எதுவும் இல்லை என்று வாதிடுவது அவருக்குச் சிரமமாகத்தான் இருக்கும்.